மூன்று ரெக்கைகளையும் நிமிர்த்தினேன்

எண்பதுகளில் செஞ்சியில் பட்டறை வைத்திருந்தேன். பம்புசெட் வேலைதான் அதிகம். ஒருநாள் மரக்காணத்து மீனவர் ஒருவர், திண்டிவனத்தில் பட்டறை பூட்டியிருந்ததால் என்னைத் தேடி வந்தார். சாக்குப்பைக்குள் விசைப்படகின் அடியில் இஞ்சினோடு சுழலும் பித்தளைக் காத்தாடி. பாறையில் இடித்துவிட்டதாம்.

பையைப் பிரித்ததும் மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. எனக்குக் குமட்டியது.

“யோவ், ரோட்டுக்கு அந்தாண்ட போய் நில்லு. ஆனதும் கூப்பிடறேன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “எல்லாம் எனக்குத் தெரியும், போ” என்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். எதிரேயிருந்த புங்கமரத்தடியில் போய் நின்றார்.

படகுக் காத்தாடியை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். மூன்று ரெக்கைகளும் திருகிக்கொண்டு நின்றன. மூன்றுமே அடிபட்டவை என்று நினைத்து, சூடு காட்டி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினேன். அவரைப் பார்க்கக்கூட விடாமல் சாக்கில் கட்டி நீட்டினேன். ஆள் தொலைந்தால் போதும் என்றிருந்தது.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அதே மரத்தடியில் நின்றுகொண்டு பேசினார்.

“இஞ்சின் ஓடுது, படகு நவுரல மேஸ்திரி. அந்தத் திருகல்தான் தண்ணியத் தள்ளும். ஒரு ரெக்கைதான் கெட்டுது. மத்த ரெண்டையும் பாத்து அதே மாதிரி வளைங்கன்னு சொல்லத்தான் அன்னிக்கி வந்தேன்.”

மாதிரிக்கு இருந்த இரண்டையும் நானே நசுக்கியிருந்தேன். இனி அவருக்குப் புதுக் காத்தாடிதான் கதி.

“உள்ள வாங்க” என்றேன்.

“வாணாம். சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் நாத்தம் போவாது.”

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் குளித்துவிட்டு வந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே குமட்டுகிறது.