ஆட்டுத்தோல் பேக்கிங்

அஃப்ஸர் என்றால் உருதுவில் அதிகாரி. பெற்றவர்கள் ஏதோ ஆசைக்கு வைத்த பேர். பிள்ளை அதை வேலை உத்தரவாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்த அஃப்ஸர் ஜஹான், இன்று அங்கே ஷூவின் மேல்தோலைத் தைத்துச் சேர்க்கிற செக்‌ஷனில் ஒரு லைனுக்கே சூப்பர்வைசர். தையல் மிஷின் மக்கர் பண்ணினால், மெக்கானிக் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவளே கழற்றி மாட்டிவிடுவாள். இதனால் அந்த மெக்கானிக் டீ குடிக்கிற நேரம் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டு போகிறது.

வீட்டில் அவளுக்கு ஒரே எதிர்க்கட்சி கணவர் வக்கார் அகமது. தோல் தரகர். எந்தத் தோலையும் இரண்டு விரலால் ஒரு கிள்ளு கிள்ளி, இது இன்ன தரம் என்று சொல்லிவிடுவார். பழக்கதோஷத்தில் கத்தரிக்காய், சோபா, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் கோட்டு என்று எதையும் கிள்ளிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். வீட்டில் இருவரும் பாதி உருதுவிலும் பாதி தமிழிலும் பேசுவார்கள். சண்டை என்று வந்துவிட்டால் முழுக்கத் தமிழ்தான். அக்கம்பக்கத்தாருக்கும் புரிய வேண்டும் அல்லவா?

இந்தத் தடவை சண்டை மொபெட்டைப் பற்றியது.

கம்பெனிப் பெண்கள் வேனில் போய் வேனில் வருகிறவர்கள். அஃப்ஸர் மட்டும் தன்னுடைய பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் போய்வருவாள். பெடலை நாலு மிதி மிதித்தால் இருமிக்கொண்டே கிளம்பும். தெருவுக்குக் கொசுமருந்து அடித்த மாதிரி புகை விடும். கொஞ்ச நாளாக அதற்கு மேட்டில் மூச்சு வாங்கியது. கடைசியில் ஒருநாள் மார்க்கெட் நடுவில் நின்றே போய்விட, புர்காவோடு அவள் அதைத் தள்ளிக்கொண்டு வந்ததை வக்காரின் தோல் மண்டி சிநேகிதர்கள் பார்த்துத் தொலைத்தார்கள்.

அன்று சாயங்காலமே வக்கார் வண்டியின் சீட்டைக் கிள்ளிப் பார்த்தார்.

"மூணாந்தரம். சத்தார் பாய்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து தூக்கிக்கினு போவாரு. நீ இனிமே வேன்ல போ."

சத்தார் பாய் காயலான் கடைக்காரர். பேர் கேட்டதுமே அஃப்ஸர் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்ஜினைப் பிரிச்சுப் பாத்தா ஓடும்," என்றாள்.

"எந்த மெக்கானிக்கு பிரிப்பான்? டூ ஸ்ட்ரோக்குன்னாலே கையெடுத்துக் கும்புடறானுங்க."

"நான் பிரிக்கறேன்."

வக்கார் சிரித்தார். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். "பிரியேன். சத்தார் பாய் வர்றதுக்குள்ள இது ஓடிச்சுன்னா நீயே வெச்சுக்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்," என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

வேனில் போவதில் அவளுக்கு என்ன கஷ்டம்? வெளியில் சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆனால் வேலை முடிந்து வரும்போது அவள் நேரே வீட்டுக்கு வருவதில்லை. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜெயசீலி என்கிற பெண் போட்டிருக்கிற பஜ்ஜிக் கடையில் வண்டியை நிறுத்துவாள். பெஞ்சில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்பாள். அரை மணி நேரம். அங்கே லைன் பெண்கள் யாரும் "ஆபா, நூலு அறுந்துபோச்சு" என்று வந்து நிற்க மாட்டார்கள். யாரும் "சாயாவுல சர்க்கரை கம்மி" என்று குறை சொல்ல மாட்டார்கள். கம்பெனியைக் கேட்டால் கிளம்பிவிட்டாள். வீட்டைக் கேட்டால் இன்னும் வரவில்லை. அந்த அரை மணி நேரம் அவள் யாருக்கும் எதுவும் இல்லை. அது அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வேன் கம்பெனி வாசலில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கும். நடுவில் எங்கேயும் நிற்காது.

ஆகவே அஃப்ஸர் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு இன்ஜினை இறக்கினாள்.

வித்தை சொல்லிக்கொடுத்தது ஃபோன். வட இந்தியாவில் யாரோ ஒரு மெக்கானிக் இதே மாதிரி இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற வீடியோ அதில் இருந்தது. அவர் பேசிய இந்தி அவளுக்கு உருது மாதிரியே புரிந்தது. "ஆராம் ஸே, ஆராம் ஸே", அதாவது மெதுவாக, மெதுவாக என்பார் அவர், சுத்தியலால் ஓங்கி அடித்துக்கொண்டே. கழற்றிய நட்டு, ஸ்க்ரூ எல்லாம் பழைய ஷூ பெட்டிகளில் போயின. இன்ஜினின் ஒரு பக்கத்துச் சாமான் வைத்த பெட்டியில் இடது கால் என்றும், மறுபக்கத்துப் பெட்டியில் வலது கால் என்றும் சாக்பீஸால் எழுதினாள். பெருநாளுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்குகிற பெரிய பிரியாணி தேக்சா இறங்கியது. அதில் மண்ணெண்ணெய் ஊற்றி, கரி பிடித்த சாமான்களை ஊறவைத்துத் தேய்த்தாள். பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்து போயிருந்தன. வேலூருக்குப் பஸ் ஏறிப் புதுசு வாங்கி வந்தாள். பிஸ்டன் ஏறி இறங்குகிற போரை மட்டும் லேத்துப் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினாள். லேத்துக்காரர், "யாருக்கும்மா இது?" என்று கேட்டதற்கு, "எங்க வீட்டு மெக்கானிக்குக்கு" என்றாள். பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வக்கார் ஜில்லென்று தண்ணீர் குடிக்கலாம் என்று ஃப்ரீஸரைத் திறந்தார்.

"இன்னா அஃப்ஸர் இது, கீமா பக்கத்துல இரும்பு?"

"அது பேரிங்கு. தொடாதீங்க, ஜில்லுனு இருக்கணும்."

"அப்ப தோசக்கல்லு மேல?"

"அது இன்ஜின் கேஸு. சூடாவணும். இது சூடா, அது ஜில்லுனு இருந்தா, அடிக்காமலே உள்ள எறங்கிடும்."

"நான் நாஷ்டாவுக்கு உக்காந்துக்கினு இருக்கேன்."

"நீங்க கொஞ்சம் ஆறி இருங்க."

பேரிங் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் அவள் உருதுவில் ஒரு கூச்சல் போட்டாள். வக்கார் ரொட்டியை ஜாமில் தொட்டுத் தின்றுவிட்டு எழுந்து போனார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பேக்கிங் கிழிந்தது. இரண்டு இரும்புக்கு நடுவில் காற்று நுழையாமல் இருக்க வைக்கிற மெல்லிய அட்டைக்கு மெக்கானிக்குகள் சொல்கிற பேர் பேக்கிங். ஆம்பூர்க் கம்பெனிகளில் பேக்கிங் என்றால் ஷூவை மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டியில் போடுகிற செக்‌ஷன். தைக்கிறது நாம், கடைசியில் பேர் வாங்குவது அவர்கள் என்று அந்த செக்‌ஷன்மேல் அஃப்ஸருக்கு ரொம்ப நாள் இளக்காரம். அதனாலோ என்னவோ, கார்புரேட்டர் வந்து சேருகிற இடத்துச் சின்ன பேக்கிங் கையோடு கிழிந்து வந்தபோது அவள் கலங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சத்தார் பாய் வருகிற நேரமும் ஆகிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, நடுவில் இடைவெளி தெரியக் கூடாது. இது மேல்தோலையும் உள்ளே வைக்கிற லைனிங் தோலையும் சேர்க்கிற வேலைதானே! வீட்டில் கிடந்த லைனிங் ஆட்டுத்தோல் துண்டை எடுத்தாள். அளவு பார்த்து வெட்டி, ஓரத்தைச் சீவி, ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் ஷூ ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி, காயவிட்டு, வைத்து அழுத்தி முடுக்கினாள். கம்பெனி இன்ஸ்பெக்‌ஷனில் வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டிருப்பார்கள்.

கையில் ஒட்டின சொல்யூஷன் போக வேண்டுமென்றால் பெட்ரோல் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். இது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாள் பூரா லைனில் இதையே சொல்லிக்கொண்டிருக்கிற சூப்பர்வைசரம்மாவுக்கு, இந்தக் கார்புரேட்டர் வழியாகப் போகப்போவதும் அதே பெட்ரோல்தான் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

சத்தார் பாய் கூட்ஸ் ஆட்டோவில் வந்து இறங்கினார். அஃப்ஸர் ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு பாட்டிலில் இருந்து டாங்கில் ஊற்றி, வண்டியை ஸ்டாண்டில் போட்டுப் பெடலை மிதித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தாள். வக்கார் தாடியைத் தடவிக்கொண்டார். அடுத்த மிதிக்கு வண்டி ஒரு தும்மல் போட்டு, படபடவென்று சத்தம் பிடித்து ஓட ஆரம்பித்தது. தெரு முழுக்கப் புகை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையால் என்று காட்டிக்கொண்டாள்.

"நின்ன எடத்துல சுத்தறதெல்லாம் ஓடறதா?" என்றார் வக்கார். "ரோட்டுல ஓடணும்."

"சரி, ஓட்டிக் காட்டறேன்."

"நீ தள்ளிக்க. நான் ஓட்டிப் பாக்கறேன்."

சத்தார் பாய்க்கு முன்னால் மனைவி ஓட்டிக் காட்டுவதா என்கிற கௌரவம். லுங்கியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி சாதுவாகத் தெருமுனை வரை போனது. திரும்பி வரப்போகிறார் என்று பார்த்தால், உள்ளே சொல்யூஷன் கரைந்துவிட்டது. பேக்கிங் நழுவி, காற்று உள்ளே புகுந்து, இன்ஜின் ஒரேயடியாக அலறியது. ஆக்ஸிலேட்டரை விட்டால் அடங்க வேண்டிய வண்டி, விட்டபிறகுதான் இன்னும் வேகம் எடுத்தது. சாவியைத் திருப்பலாமே என்பீர்கள். அந்தச் சாவிக்கும் இன்ஜினுக்கும் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப காலம் ஆகிறது. பிரேக் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை லுங்கியைப் பிடித்திருந்தது.

"யா அல்லா! அஃப்ஸர்! நிறுத்து!" என்ற குரல் மெயின் ரோடு பக்கம் தேய்ந்து மறைந்தது.

சத்தார் பாய் கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்தார். "ஓடிச்சும்மா," என்றார்.

"ஆமா பாய்."

"ஓடற வண்டி நமக்கு எதுக்கு? போற வழியில அவரையும் பாத்துக்கினு போறேன்." ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அஃப்ஸருக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். பிறகு பயம் வந்தது. மெயின் ரோட்டில் லாரி போகிறதே, மனுஷனுக்கு ஒன்று ஆகிவிட்டால்? தெருமுனைக்கும் வாசலுக்கும் நடந்தாள். தெரிந்த துவாக்களை எல்லாம் ஓதினாள். நடுவில் ஒரு துவா வண்டிக்கும் ஓதினாள்.

ரொம்ப நேரம் கழித்து வக்கார் வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அடி படவில்லை, லுங்கியும் பத்திரம். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் ஹாண்டில்பாரில் தொங்குகிற பொட்டலத்தைப் பார்த்தாள். எண்ணெய் ஊறின பேப்பர், மேலே மஞ்சள் நூல். அந்த மஞ்சள் நூலை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பாலத்தாண்ட பெட்ரோல் தீந்து நின்னுச்சு," என்றார் வக்கார். "ஒரு பஜ்ஜிக் கடை வாசல்ல. அந்தம்மா கரண்டியோட ஓடியாந்து வண்டியப் புடிச்சுக்கிச்சு. 'இது ஆபீஸரக்கா வண்டியாச்சே, அக்காவுக்கு இன்னா ஆச்சு'ன்னு ஒரே அழுவ. எந்த அக்கான்னேன். நீதானாம்."

வண்டி தப்பித்தது, அரை மணி நேரம் மாட்டிக்கொண்டது.

"பஜ்ஜி கொஞ்சம் கருகலாத்தான் கேப்பியாமே? வீட்ல ஒருநாளும் சொன்னதில்லயே."

"வீட்ல யாரு கேட்டா?"

சண்டை வரும் என்று எதிர்பார்த்து ஜன்னலைத் திறந்த பக்கத்து வீட்டுக்காரி ஏமாந்து மூடிக்கொண்டாள். வக்கார் குனிந்து, கார்புரேட்டர் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஈரத் துண்டை இழுத்துக் கிள்ளிப் பார்த்தார்.

"அட! ஆட்டுத்தோலு. மொத தரம்! இதப் போயி இன்ஜின்ல வெச்சியா நீ?"

"பேக்கிங் கிழிஞ்சிருச்சு."

"மூணாந்தரம் வெச்சிருக்கக் கூடாதா?"

அவள் சிரித்துவிட்டாள். தாளை விரித்துப் போட்டு, கார்புரேட்டரைக் கழற்ற உட்கார்ந்தாள். வக்கார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். அவள் கையெல்லாம் ஆயில். அவரே ஒரு பஜ்ஜியைப் பிட்டு அவள் வாயில் கொடுத்தார். இன்னொரு பாதியைத் தன் வாயில் போட்டு, மென்று, நல்ல சரக்குதான் என்கிற மாதிரி தலையாட்டினார்.

"அங்க யாரு கூட பேசிக்கினு இருப்ப?"

"யாரு கூடவும் இல்ல. அதுக்குத்தான் போறது."

அது அவர் மனசில் எங்கேயோ போய் விழுந்தது. பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தார். பிறகு, பெண் கேட்க வந்தவர் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"நானும் ஒருநாள் வரட்டா?"

அஃப்ஸர் ஸ்பேனரை நிறுத்தினாள். வராதீங்க என்று சொல்ல மனசு வரவில்லை. வாங்க என்று சொல்லவும் மனசு வரவில்லை.

"வாங்க," என்றாள் கடைசியில். "ஆனா பக்கத்து பெஞ்சுல உக்காருங்க. என்னைத் தெரியாத மாதிரி."

வக்கார் யோசித்தார். "சிரிக்கலாமா?"

"அதை அன்னிக்குப் பாத்துக்கலாம்."