படத்தில் இல்லாத கை

முதலமடையில் எங்கள் மாந்தோப்பில் காய் பறித்தவர் என் அப்பாவைவிட மூத்தவர். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் 'வாடா, போடா'தான். மாட்டுக் கட்டுத்தரையின் ஓலைக்கூரையில் அவருக்கென்று ஒரு தேங்காய்ச் சிரட்டை செருகியிருக்கும். அவர் குனிந்து அதை நீட்ட, அம்மா கை படாத உயரத்திலிருந்து டீயை ஊற்றுவாள். எழுபதுகளின் நடுவில், சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஒரு பழைய கேமராவோடு ஊர் திரும்பிய எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ரத்தம் கொதித்தது. பிறந்ததிலிருந்து பார்த்ததுதான், கொதிப்பதற்கு ஒரு படிப்பு தேவைப்பட்டது என்பதே வெட்கக்கேடு.

வாசகசாலை ஆண்டு விழாவில் கண்காட்சி வைத்தேன். அவர் டீ வாங்கும் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினேன். அதற்கு முன்னால் முப்பது சிரட்டைகளைக் கயிற்றில் தாழத் தொங்கவிட்டேன்; யாரானாலும் குனியாமல் படத்தருகே போக முடியாது. ஊர்ப் பெரிய மனிதர்கள் குனிந்து வந்து, நிமிர்ந்து பார்த்து, நல்ல கலை என்று பாராட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அவரவர் ஆட்களுக்குச் சிரட்டையில் டீ ஊற்றினார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் முப்பதையும் அவர்கள் தலையில் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

மறுநாள் படத்தில் இருந்தவரே வந்தார். படம் எடுக்கும்போது நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாட்டும்போதும் கேட்கவில்லை. வாசலிலேயே நின்றவரை வற்புறுத்தித்தான் உள்ளே அழைத்து வர வேண்டியிருந்தது. படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க சின்னவரே, டீத்தண்ணி தானா உழுகுதுங்களா? அம்மிணி கையி எங்கீங்க?"

நெகட்டிவில் அம்மாவின் கை இருந்தது. அந்தக் கல் வளையலை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும் என்று, பொள்ளாச்சி ஸ்டுடியோவில் பெரிதாக்கும்போது மேல் ஓரத்தை வெட்டச் சொன்னவன் நான்தான். அவர் முகத்தை ஊருக்குக் காட்டிய நான், என் வீட்டுக் கையைப் பத்திரமாக மறைத்திருந்தேன்.

அன்றே பஸ் பிடித்துப் போய் முழுப் படத்தையும் போட்டு வாங்கி வந்தேன். இந்த முறை மாட்டலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"வேல போயிருமுங்க," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போனாப் போவுது, மாட்டுங்க."

மறுநாள் காலையில் மாட்டினேன். வளையல் கண்ணில் பட்டதும் நல்ல கலை குடும்ப அவமானம் ஆகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் வாசகசாலையைப் பூட்டிவிட்டார்கள். அப்பா என்னைத் திட்டியதோடு சரி. அவரைத்தான் இனி தோப்புப் பக்கமே வரக்கூடாது என்று விரட்டினார். ஊற்றியது அம்மா, படம் எடுத்தது நான், வேலை போனது அவருக்கு. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் இலை போட்டு, அதே வளையல் கையால் அம்மா எனக்குச் சோறு பரிமாறினாள். நான் சாப்பிட்டேன்.