பஸ் வராத வாரம்

ஒருவருக்கு ஏற்ற நாவலைச் சொல்வதில் நான் தோற்றதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கமெல்லாம் எனக்கு வராது. திருநெல்வேலி டவுணில், ரத வீதி ஜவுளிக்கடை ஒன்றில் இருபது வருஷமாக பிளவுஸ் துணிப் பிரிவில் நிற்கிறேன். சேலையை விரித்துக் காட்டினால் போதும், எந்தத் துணி அதோடு சேரும், எது சேராது என்று தொட்டுப் பார்க்காமலே சொல்வேன். அதே கண்ணால்தான் ஆளைப் பார்த்து நாவல் சொல்வதும். மாமியாரோடு மல்லுக்கட்டி அலுத்தவளுக்குக் குடும்பக் கதை கொடுக்கக் கூடாது, கப்பலில் போகிற கதை கொடுக்க வேண்டும். பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறவளுக்கோ கப்பலே ஆகாது. கதையை முன்கூட்டியே அவிழ்த்துவிடவும் கூடாது. "எழுபதாம் பக்கம் வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு வாசிங்க, பெறவு நீங்களே என்னையத் தேடி வருவீங்க" என்பேன். வந்திருக்கிறார்கள்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் நாவல் கூட்டம். ஒரு பள்ளிக்கூடத்து மாடி அறையில் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். மருந்துக்கடைக்காரர் ஒருவர், ஒரு நர்ஸ், நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள், இன்னும் சிலர். ஆளுக்கொரு நாவலைப் பற்றிப் பேச வேண்டும். கடைசியில் கை தூக்கி ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். கரும்பலகையில் 'அடுத்துப் படிக்க வேண்டியது' என்று போட்டு அதற்குக் கீழே அந்த நாவலின் பெயர் ஏறும். எழுதுகிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எல்லாருக்கும் அவர் சார்தான். நல்ல மனுஷர், ஆனால் நாவல் படிக்கும்போதும் கையில் சிவப்புப் பேனா இருக்கும். ஒற்று விட்டுப்போன இடத்தையெல்லாம் சுழித்து வைப்பார். அவரிடம் இரவல் வாங்கிப் படித்தால், திருத்தின பரீட்சைத் தாளைக் கையில் வாங்கின மாதிரி இருக்கும்.

அந்தக் கரும்பலகையில் தொடர்ந்து நாலு மாதம் நான் சொன்ன நாவல்தான் ஏறியது. சாருக்கு அது கொஞ்சம் கசப்பு என்று எனக்குத் தெரியும். எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

எங்கள் கடையில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் அக்கா மாஞ்சோலையில் பிறந்தவர். அங்கேயே தேயிலை பறித்து, அங்கேயே பேரன் பேத்தியும் எடுத்தவர். எஸ்டேட் வேலை முடிந்து எல்லாரும் மலையை விட்டு இறங்கியபோது அவரும் இறங்கி வந்தார். டவுண் வெயிலைத் திட்டாமல் அவருக்கு ஒரு நாளும் பொழுது போகாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒரு நாள், "ஏட்டி, நீ வாசிக்குத புக்கெல்லாம் ஏன் இம்புட்டு மெலிசா இருக்கு?" என்றார். மறுநாள் துணிப்பை ஒன்றில் செங்கல் கனத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

தொடர்கதை பைண்டு. வாரப் பத்திரிகையில் வந்த கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, மேலே அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டியது. வியாழக்கிழமை பஸ்ஸில் ஒரே ஒரு பத்திரிகை மலைக்கு வருமாம். லைன் வீடு என்று அவர்கள் சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளில் முப்பது வீடு சுற்றி, கடைசியில் அக்காவிடம் வந்து சேருமாம். தைத்து வைத்தவர் அவர்தான் என்பதால் பைண்டு அவருக்கே என்று ஆகிவிட்டது.

ரயில் ஜங்ஷன் ஊர் ஒன்றில், பெரிய குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டே வயதாகிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணின் கதை அது. அண்ணன்காரன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிடுகிறான். முப்பதாம் வாரம் அதோடு முடிகிறது. முப்பத்திரண்டாம் வாரத்தில் அவள் ரயிலில் இருக்கிறாள். நடுவில் முப்பத்தொன்று மட்டும் அச்சில் இல்லை. அதற்குப் பதில் கோடு போட்ட நோட்டுத் தாள்கள் ஏழு, நீல மையில், குண்டு குண்டு எழுத்தில் இருந்தன. அந்த வாரத்துப் பக்கம் தொலைந்துபோய், வேறு யாரிடமோ வாங்கிப் பார்த்து எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படிச் செய்வது உண்டு.

அந்த ஏழு தாளில் அவள் விடியும் முன் எழுந்து எல்லாப் பானையிலும் தண்ணீர் நிரப்புகிறாள். சோறு வடிக்கிறாள், குழம்பு வைக்கிறாள். பிறகு, அந்த வீட்டில் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, எல்லாருக்கும் முன்னால் தனக்கு இலை போட்டு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுகிறாள். கை கழுவுகிறாள். உப்பு ஜாடியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளித் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசல்படி இறங்குகிறாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குத்தான் வந்தது. கையில் பிசைந்த சோறு காய்ந்துபோகும் வரை அந்த ஏழு தாளையும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் சும்மா இருப்பேனா? எழுந்து நின்று, "அவ எல்லாருக்கும் முன்னால உக்காந்து சாப்பிடுதா பாருங்க, அந்த ஒரு காட்சிக்காகவே இத வாசிக்கணும்" என்று ஆரம்பித்தேன். சார் கையை உயர்த்தினார்.

"அப்படி ஒரு காட்சி அதுல கெடையாதேம்மா. வாரா வாரம் பத்திரிகை வாங்கி வாசிச்சவன் நான். அந்த ஆசிரியருக்கு அடுப்படி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. நீங்க வேற எதையோ இதுல போட்டுக் குழப்புதீங்க."

"இருக்கு சார். நேத்து வாசிச்சேன்."

"நெறைய வாசிச்சா இப்படித்தான் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோவும். எனக்கும் ஆகுதுல்லா" என்றார், அன்பாகத்தான். அந்த அன்புதான் சுட்டது. கல்லூரிப் பிள்ளை ஒருத்தி சிரித்துவிட்டாள். அன்று கரும்பலகையில் சார் சொன்ன நாவல் ஏறியது. படி இறங்கும்போது, எப்போதும் என்னிடம் கேட்கிற நர்ஸ், அடுத்து என்ன படிக்கலாம் என்று சாரிடம் கேட்டுக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். இதற்கெல்லாமா அழுவார்கள் என்று கேட்கலாம். கடையில் மற்றவர்கள் கேட்ட அளவுக்குத் துணி கிழித்துக் கொடுக்கிறவள் நான், வீட்டில் அவர்கள் கேட்டதைச் சமைத்துப் போடுகிறவள். நான் சொல்லி நாலு பேர் கேட்ட ஒரே இடம் அந்த மாடி அறைதான். அங்கேயும் என் வார்த்தை செல்லாது என்றால், பிறகு நான் எங்கே போக?

அச்சுப் புத்தகத்தைக் கண்டுபிடித்து சார் முன்னால் வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பாளையங்கோட்டையில் தேடினேன், பழைய புத்தகக் கடைகளில் தேடினேன், இல்லை. கடைசியில் ஆழ்வார்திருநகரியில் சித்தி முறை ஒருத்தி வீட்டுப் பரணில் கிடைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியில் சாய்ந்தபடியே முப்பத்தொன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன். ஸ்ரீவைகுண்டம் வருவதற்குள் முடித்துவிட்டேன்.

சார் சொன்னது சரி. அதில் ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு என்று. அவள் மயங்கி விழுகிறாள். டாக்டர் வருகிறார், ஊர் மாற்றம் நல்லது என்கிறார். அண்ணனே டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறான். அவ்வளவுதான். சோறும் இல்லை, உப்பும் இல்லை.

முகமெல்லாம் எரிந்தது. ஆனால் திருநெல்வேலி ஜங்ஷன் வருவதற்குள் எரிச்சல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. இந்த அச்சடித்த அத்தியாயம் சுத்த சப்பை. அப்படியானால் அந்த ஏழு தாளை எழுதியது யார்?

மறுநாள் காலை கடையில் பதில் கண்ணெதிரே கிடந்தது. ஃபால்ஸ் தைத்த சேலை ஒவ்வொன்றிலும் ஆள் பேரும் நிறமும் எழுதிய சீட்டு ஒன்றை அக்கா குத்தி வைப்பார். குண்டு குண்டு எழுத்து. தினமும் பார்த்த எழுத்துதான். ஒரு சீட்டை உருவிக்கொண்டு போய், பைண்டைத் திறந்து அந்தத் தாளின் மேல் வைத்தேன். அக்கா மெஷினை நிறுத்தினார்.

"அந்த வாரம் மழையில ரோடு சரிஞ்சிட்டு. பஸ் வரல" என்றார் பைய. "முப்பது வீடும் அவளுக்கு என்ன ஆச்சோன்னு கெடந்து தவிக்கி. எனக்குப் பத்தொம்பது வயசு. உக்காந்து எழுதிட்டேன். அடுத்த எஸ்டேட்ல வாங்கிப் பாத்து எழுதுனதுன்னு ஒரு பொய்யையும் சொல்லிட்டேன்."

"பெறவு?"

"பெறவு என்ன, அத்தனை பேரும் அழுதாளுக. அழுத பெறவு உண்மைய எப்படிச் சொல்ல? இப்பம் ஆளுக்கொரு ஊர்ல கெடக்காளுக. போன்ல பேசும்போதுகூட அவ சாப்பிட்டத இன்னும் சொல்லுதாளுக. நான் ஏமாத்துனேன்னு தெரிஞ்சா என்ன நினைப்பாளுக? நீ வாயத் தொறக்கப்பிடாது."

யார் எழுதியது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பதிலுக்கு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்றேன். அரை மனசோடு தலையாட்டினார்.

இரண்டு முப்பத்தொன்றையும் ஒரே நோட்டில் என் கையாலேயே எழுதி எடுத்துக்கொண்டேன். தாளைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே. கூட்டத்தில் அக்கா கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"ஒரே அத்தியாயம், ரெண்டு விதமா இருக்கு. ஒண்ணு ஆசிரியர் எழுதினது, ஒண்ணு இல்ல. எது எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

முதலில் கடிதமும் மயக்கமும் வாசித்தேன். மருந்துக்கடைக்காரர் கொட்டாவி விட்டார். அடுத்து, பானைகளில் தண்ணீர் நிரப்புவதில் தொடங்கினேன். அவள் இலை போட்டு உட்கார்ந்த இடத்தில் மருந்துக்கடைக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். முடித்துவிட்டு, ஆசிரியர் எழுதியது எது என்று கேட்டேன். எல்லாரும் இரண்டாவதுக்கே கை தூக்கினார்கள். சாரின் கை கடைசியாக உயர்ந்தது. பிறகு அவரே எழுந்தார்.

"போன மாசம் இந்தம்மாவை நான் பேசினது தப்பு. எனக்குத்தான் மறந்துபோச்சு. இது அவர் எழுத்துதான், சந்தேகமே இல்ல. அந்த உப்பைப் பாருங்க. பொறந்த வீட்டுல இத்தனை வருஷம் தின்ன உப்பு. அதுல ஒரு கை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை அவங்களுக்கே விட்டுட்டுப் போறா. கைதேர்ந்த எழுத்தாளனுக்குத்தான் இது வரும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால், உப்புக்கு நானும் அதே அர்த்தம்தான் வைத்திருந்தேன். ஆனால் அப்போது எனக்கு உப்பைப் பற்றி யோசிக்க நேரமில்லை. நாலு நாளாக வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்த ஒரு வாக்கியம் இருந்தது.

"சார், போன மாசம் நீங்க சொன்னதுதான் சரி. இன்னைக்குச் சொல்லுததுதான் தப்பு."

என் வாழ்க்கையில் அதைவிட ருசியான வாக்கியம் ஒன்றை நான் பேசியதில்லை. அச்சுப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மழை, சரிந்த ரோடு, வராத பஸ், காத்துக் கிடந்த முப்பது வீடு, பத்தொன்பது வயசுப் பெண் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சார் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரும்மா அது?" என்றார்.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

"அந்த உப்பு அட்டைக்கு, சார்."

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது குரல். எல்லாரும் திரும்பினார்கள். சாருக்கு விளங்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தின் மேலட்டையைத் தடவிப் பார்த்தார்.

"எந்த அட்டை?"

"காலுல ஏறி ரத்தம் குடிக்கும்லா, அந்த அட்டை. உப்பப் போட்டாத்தான் விடும். மழைக்காலத்துல உப்பு இல்லாம ஒரு பொம்பள எப்படி வெளிய எறங்குவா?" அக்கா எழுந்து நின்றிருந்தார். "ஜங்ஷன் ஊர்ல அட்டை கெடையாதுன்னு எனக்கு அப்பம் தெரியாது. அதுவரைக்கும் ரயிலயே கண்ணால கண்டதில்ல நான்."

முதலில் சிரித்தது சார்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். அப்புறம் மொத்த அறையும் சிரித்து, சிரிப்பு கைதட்டலாகி, கீழே இருந்த வாட்ச்மேன் என்னவோ ஏதோ என்று மாடிக்கு ஏறி வந்துவிட்டார். நான் கத்திக்கொண்டே கை தட்டினேன். அன்றைக்கு என் சிபாரிசு ஜெயித்ததைவிட, அக்கா தானாக எழுந்து நின்றதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கல்லூரிப் பிள்ளை ஒருத்தி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அதை அழித்துவிடச் சொல்வாரோ என்று அக்காவைப் பார்த்தேன்.

"எனக்கும் அனுப்பு தாயி" என்றார். "எங்க லைன் ஆளுகளுக்குப் போடுதேன். ஏசுனா ஏசட்டும். முப்பது வீடும் கேக்கட்டும்."

சார் கரும்பலகைக்குப் போனார். 'அடுத்துப் படிக்க வேண்டியது' என்று வழக்கம்போல் எழுதினார். கீழே எழுதாமல், சாக்பீஸைப் பிடித்தபடி கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. என்ன நாவல் பேரு எழுதட்டும்?"

அக்கா கரும்பலகையைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"ஒண்ணும் எழுதாதீங்க சார்" என்றார். "அடுத்த மாசமும் பஸ் வரலன்னு வச்சிக்கிடுங்க. நான் பாத்துக்கிடுதேன்."