குதிகாலும் பால்குடமும்

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தால் இடது குதிகாலில் ஆணி ஏறியது போலிருக்கும். சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்திலுள்ள எங்கள் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போவேன். பத்து நிமிடம் நடந்தால் வலி குறைந்துவிடும். நான் ஏமாந்தது அதில்தான். நடந்தால் குறைகிறதென்றால் இன்னும் நடக்க வேண்டும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

அதற்கு முந்தைய ஆண்டு என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்து வந்தார். வெறுங்காலோடு நடந்து பழகுவதற்காக, சாங்கி விமான நிலையத்தில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே சிமெண்டுத் தரையில் தினமும் சுற்றினேன்.

வலி முற்றியபோது டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கிருந்த தமிழ்ப் பெண் பொறுமையாக விளக்கினாள். குதிகாலிலிருந்து விரல்கள்வரை போகும் பட்டையான நார் நைந்திருக்கிறது. தூங்கும்போது இறுகிப்போய், காலையில் மிதித்ததும் இழுபடுகிறது. எழுந்திருக்கும் முன் பாதத்தில் துண்டை மாட்டி இழுக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போட வேண்டும். குணமாக மாதக்கணக்கில் ஆகும்.

"ஆன்ட்டி, வெறுங்காலோட நடக்கிறீங்களா?"

"இல்லம்மா," என்று கூசாமல் சொன்னேன். உண்மையைச் சொன்னால் பால்குடம் வேண்டாம் என்பாள். வேண்டுதலை விட்டு, அவருக்கு மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால்? துண்டை ஒழுங்காக இழுத்தேன். சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் செருப்புப் போட மட்டும் மனம் வரவில்லை.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பியபோது கால் நன்றாகத்தான் இருந்தது. பாதி வழியில் சுருக்கென்றது. டோபி காட் நெருங்கும்போது குதிகாலைத் தரையில் வைக்கவே முடியவில்லை. முன்பாதத்தால் நொண்டினேன். குடம் ஆடிப் பால் முகத்தில் வழிந்தது. பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். போய்ச் சேர வேண்டிய டேங்க் ரோடு முருகன் கோயில் எட்டும் தூரத்தில் இருந்தும் ஓரடிகூட எடுத்துவைக்க முடியாமல் நின்று அழுதேன். என்மேலேயே அவ்வளவு ஆத்திரம்.

கூடவே வந்த கணவர் ஷூவைக் கழற்றி என் காலருகே வைத்தார். அவரும் என்னோடு விரதம் இருந்தவர்தான்.

"எனக்காகத்தானே வேண்டிக்கிட்டே? குடு, நான் போறேன்."

வேண்டாம் என்று தலையாட்டக்கூட வழியில்லை, தலையில் குடம். தரையில் படாமல் அதைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் நடைபாதை ஓரத்தில் சரிந்து உட்கார்ந்தேன்.

நெஞ்சைப் பிளந்து தைத்த மனிதர். உச்சி வெயில். யார் உயிருக்காக வேண்டிக்கொண்டேனோ அவரையே என் பிடிவாதத்தால் அந்த வெயிலில் அனுப்பிவிட்டேன். கூட்டத்தில் அவர் தலை மறைந்தது. முருகா, அவரைத் திருப்பி அனுப்பிவிடு என்று கெஞ்சினேன். பதிலுக்கு இதைச் செய்கிறேன் என்று சொல்ல இந்த முறை எனக்கு வாய் வரவில்லை.