ஹெல்ப்லைன் ஷோபாவின் இருபத்தெட்டு நிமிடங்கள்

பெங்களூர் அடுகோடியில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில் ஷோபாவின் வீடு. பதினான்கு வருஷம் ஓசூர் ரோடு கார்மெண்ட்ஸ் கம்பெனி ஒன்றில் சட்டைகளைச் செக் செய்துகொண்டிருந்தவள். கம்பெனி ஊருக்கு வெளியே எங்கோ போய்விட்டது. இவள் போகவில்லை. நாற்பத்தொரு வயதில், வீட்டு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் ஹெல்ப்லைனில் சேர்ந்தாள். இன்டர்வியூவில், "கஸ்டமர் கோபமாகப் பேசினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். "பதினாலு வருஷம் கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசர்கிட்ட பேசியிருக்கேன் சார்" என்றாள். தமிழ், கன்னடம், தக்னி உருது மூன்றும் பேசுவாள் என்று தெரிந்ததும் மறுவாரமே வேலை.

வேலை வீட்டிலிருந்தேதான். கணவன் ரகு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் படுக்கையறைக் கதவைத் தாழிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். ஒரு அழைப்புக்கு ஒன்பது நிமிடம். அதைத் தாண்டினால் மேலாளர் மஞ்சுநாத்திடமிருந்து திரையில் மெசேஜ் வந்து குதிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்த அழைப்பு ஸ்ரீராம்புரத்திலிருந்து. பேசியவர் ரத்தினம்மாள். பின்னால் கல்யாண மண்டபம் மாதிரி இரைச்சல்.

"இன்னாம்மா நெட்டு குடுத்திருக்கீங்க? என் பொண்ணை மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கம்ப்யூட்டர்ல பாத்துக்கினு இருக்காங்க. ரெண்டு வாட்டி புட்டுக்கிச்சி!"

"கவலைப்படாதீங்கம்மா, சரி பண்ணிடலாம். வைஃபை டப்பாவுல பச்சை லைட் எரியுதா?"

"எல்லாம் நல்லாத்தான் எரியுது. எங்க வயிறுதான் எரியுது."

மாப்பிள்ளை கிஷோருக்குப் பூனாவில் ஒரு ஃபேக்டரியில் வேலை. அப்பா அம்மாவும் அவனோடுதான். லீவு கிடைக்காததால் முதலில் வீடியோவில் பார்த்துவிடுவோம் என்று ஏற்பாடு. செல்போனில் பேசலாமே என்றால் ரத்தினம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "போனை ஒருத்தர்தான் பாக்க முடியும். இங்க பதினோரு பேரு வந்திருக்காங்களே!"

ஷோபா வழக்கம்போல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மணப்பெண்ணாகப் போகும் தாரணியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்தாள். வைஃபை டப்பாவை அணைத்து, அரை நிமிடம் பொறுத்துப் போட்டாள். கம்ப்யூட்டரில் பழைய இணைப்பை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டைப் புதிதாக அடித்தாள். இணைப்பு வந்தது. பூனாவும் வந்தது. பதினோரு பேரும் ஒரே குரலில் வணக்கம் சொன்னது ஷோபாவின் ஹெட்போனில் அதிர்ந்தது.

"கொஞ்ச நேரம் லைன்லயே இரும்மா" என்றார் ரத்தினம்மாள். "மறுபடியும் போச்சின்னா நான் எங்க போய் உன்னைப் புடிப்பேன்?"

ஒன்பது நிமிடம் முடிந்திருந்தது. ஷோபா லைனிலேயே இருந்தாள்.

அங்கே பெரியவர்கள் பேசி முடித்தார்கள். "சரி, பசங்க தனியா பேசட்டும், வாங்க" என்று யாரோ சொல்ல, நாற்காலிகள் நகர்ந்தன. தாரணியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நான் நேராவே கேட்டுடறேங்க. எனக்கு இங்க லேப்ல வேலை. பெங்களூரை விட்டு வர்றதா இல்ல. நீங்க இங்க வருவீங்களா?"

பதில் இல்லை. "ஹலோ? ஹலோ?" என்றாள் தாரணி. திரையில் கிஷோர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றானாம்.

"பாத்தியா!" என்று ஓடிவந்தார் ரத்தினம்மாள். "மூணு வாட்டியும் கரெக்டா அதே கேள்விக்குத்தான் புட்டுக்குது. பதில் சொல்ல இஷ்டமில்லாம அவரே கட் பண்றாரோ?"

அதே நேரம் பூனாவிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா தாரணியின் செல்லுக்குக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு விருப்பமில்லன்னா சொல்லிடுங்க, ஏன் லைனைக் கட் பண்றீங்க?" என்று வருத்தப்பட்டார். வீடே சட்டென்று அமைதியானது.

அந்த அமைதியில்தான் ஷோபாவுக்கு அது கேட்டது. மெல்லிய உறுமல். பிறகு, 'டிங்'.

"அம்மா, அது இன்னா சத்தம்?"

"அதுவா? என் நாத்தனார் முத்தம்மா போண்டா சூடு பண்ணுது. என் பெரிய பையன் வாங்கிக் குடுத்த மைக்ரோவேவ்."

"பசங்க பேசட்டும்னு எழுந்து எல்லாரும் எங்க போனீங்க?"

"சமையல்கட்டுக்குத்தான். வந்தவங்களுக்குச் சூடா ஏதாவது தரணுமில்ல?"

"மூணு வாட்டியும் அப்பதான் சூடு பண்ணீங்களா?"

ரத்தினம்மாள் யோசித்தார். "ஆமாம்மா."

"வைஃபை டப்பாவை எங்க வெச்சிருக்கீங்க?"

"மைக்ரோவேவ் மேலதான். ஒயரு அங்கதானே வருது."

ஷோபா மியூட் பட்டனை அழுத்திவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். திரையில் மஞ்சுநாத்தின் மெசேஜ் இரண்டாவது முறையாக வந்தது: இருபது நிமிடம் ஆகிவிட்டது. 'இன்னும் கொஞ்சம் சார்' என்று அடித்துவிட்டு மறுபடி பேசினாள்.

"அம்மா, மைக்ரோவேவ் ஓடும்போது வர்ற அலை உங்க வைஃபை அலையோட மோதுது. டப்பாவை ஒயரு எட்டுற வரைக்கும் தள்ளி, ஜன்னல்கிட்ட வெச்சிடுங்க. பேசி முடியற வரைக்கும் போண்டாவைச் சூடு பண்ணாதீங்க."

"ஏய் முத்தம்மா!" என்று ரத்தினம்மாள் போட்ட சத்தத்தில் ஷோபா ஹெட்போனைக் காதிலிருந்து தூக்கிப் பிடித்தாள். "அந்த மிஷினை நிறுத்து! உன் போண்டாவால கல்யாணமே நின்னிருக்கும்!"

"பசின்னு கேட்டவங்களை வுட்டுட்டு என்னைத் திட்டு" என்றது தூரத்தில் ஒரு குரல்.

பூனா மறுபடியும் திரைக்கு வந்தது. கிஷோரின் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் விட்டு விட்டுச் சிரித்தார். இந்த முறை பெரியவர்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தாரணி நாலாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டாள். ஷோபா தன்னையறியாமல் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

"பெங்களூர்லயே, ஒயிட்ஃபீல்டு பக்கம் ரெண்டு கம்பெனியில இன்டர்வியூ முடிச்சிட்டேங்க" என்றான் கிஷோர். "ஒண்ணு கிடைச்சிடும். மூணு தடவையும் இதைத்தான் சொன்னேன். உங்களுக்குத்தான் கேக்கல."

பதினோரு பேர் கைதட்டினார்கள். மூடிய கதவுக்குள் பன்னிரண்டாவதாக ஷோபாவும் தட்டினாள். "வெக்கட்டுமாம்மா?" என்று அவள் கேட்டது யார் காதிலும் விழவில்லை. அவளே வைத்துவிட்டாள்.

இருபத்தெட்டு நிமிடம். திங்கட்கிழமை காலை ஆன்லைன் மீட்டிங்கில் மஞ்சுநாத் அந்தப் பேச்சை எடுத்தார். "ஒரு அழைப்புக்கு இருபத்தெட்டு நிமிடமா, ஷோபா?" என்று கன்னடத்தில் கேட்டார். "ஆனா அந்தக் கஸ்டமர் அஞ்சு ஸ்டார் கொடுத்து, தமிழில் ஏதோ எழுதியிருக்காங்க. எனக்குப் படிக்கத் தெரியல. நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்க."

அவர் காட்டியதை ஷோபா பார்த்தாள். எழுதியிருந்தது தாரணி. முதலில் மனதுக்குள் படித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, பிறகு அப்படியே கன்னடத்தில் சொன்னாள்:

"நெட் சரியாகிவிட்டது. மாப்பிள்ளையும் பரவாயில்லை."

இருபது சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் இருபது முகங்கள் வெடித்துச் சிரித்தன. மஞ்சுநாத்தும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி சரி, அழைப்புகள் காத்திருக்கு" என்று மீட்டிங்கை முடித்துவைத்தார்.