ஆதிகேசவன் ஓட்டிய லாரி

திருமுக்கூடல் ஆதிகேசவன் காஞ்சிபுரத்து நெல் மண்டியில் லாரி டிரைவர். பாலாற்று மணலில் சக்கரம் புதையாமல் ஓட்ட அவனை விட்டால் ஆளில்லை என்று பெயர். அதனால்தான் 1969 கோடையில், லட்சக்கணக்கில் கொட்டி உளவாளிப் படம் எடுக்க வந்த மெட்ராஸ் கம்பெனி அவனை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டது.

வறண்ட ஆற்றின் நடுவே ஒட்டுப்பலகையில் எதிரி நாட்டாரின் ரகசியக் கோட்டை எழும்பியது. ஹெலிகாப்டர்கூட வந்தது. கோட்டையிலிருந்து தப்பும் லாரியை ஆதிகேசவன் ஓட்ட வேண்டும். பக்கத்தில் வரும் ஜீப்பிலிருந்து உளவாளி அதில் தாவ வேண்டும். தாவப்போவது கதாநாயகன் அல்ல, அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்ட யேசுதாஸ் என்ற சண்டைக்காரர்.

ஒத்திகை முடிந்ததும் யேசுதாஸ் அவன் தோளில் கை போட்டார். "நான் பின்பலகைய புடிச்சி கால் வெக்கிற வரைக்கும் இதே ஸ்பீடுதான்பா. யார் கத்தினாலும் ஏத்தாத."

"ஏத்த மாட்டேன்பா."

கரை முழுக்க ஜனம். அவன் மனைவி கிருஷ்ணவேணி கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். லாரி கிளம்பியதும், "ஆதிகேசவா, உடு வண்டிய!" என்று கூச்சல் எழுந்தது. கால் தானாக அழுத்திவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். பொய். அவன்தான் அழுத்தினான்.

யேசுதாஸின் விரல்கள் பலகையைத் தொட்டு நழுவின. ஜீப்பின் சக்கரம் அவர் வலது காலில் ஏறியது.

மணலில் கிடத்தியபோது டைரக்டர் என்ன ஆயிற்று என்று கேட்டார். "கை வழுக்கிடுச்சி சார்" என்றார் யேசுதாஸ். பக்கத்தில் நின்ற ஆதிகேசவன் வாயைத் திறக்கவில்லை.

பொங்கலுக்குப் படம் வந்தது. ஊரே அவனை அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் டாக்கீஸுக்குப் போனது. அதே காட்சியை வைத்திருந்தார்கள். விரல் நழுவும் கணம் வரை யேசுதாஸ். அடுத்த நொடி லாரிமேல் கதாநாயகன். விசில் பறந்தது. கிருஷ்ணவேணி பூரித்துப்போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் கையை உருவிக்கொண்டான். எழுந்து வெளியே வந்துவிட்டான்.

மறுநாளே மெட்ராஸ் பஸ் ஏறினான். விசாரித்துப் போனால், கோடம்பாக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் யேசுதாஸ் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். வலது கால் முழங்காலோடு போயிருந்தது.

"நான்தான்பா ஸ்பீடு ஏத்தினேன்."

"தெரியும். இன்ஜின் சத்தம் மாறினது எனக்குக் கேக்காதா?"

"அப்ப ஏன்பா சொல்லல?"

"சொன்னா உன்ன போலீசுல குடுத்திருப்பாங்க. உன் சம்சாரம் கரையில நின்னுக்கினு இருந்துச்சி, பாத்தேன்." டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடினார். "ஆஸ்பத்திரில இருந்தப்போ நீ வருவேன்னு பாத்துக்கினு இருந்தேன். அப்ப வந்திருக்கலாம்பா."



வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான்.  "வெளிய சொல்லாதய்யா" என்றாள் அவள். அவன் டீக்கடையிலும் மண்டியிலும் சொன்னான். "ஆக்சிடென்ட்டுபா, உடு" என்று எல்லாரும் தேற்றினார்கள். தேற்றியவர்களே வெளியூர்க்காரர்களிடம், "சினிமாவுல லாரி ஓட்டினது இவருதான்" என்று பெருமையாகக் காட்டினார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

அறுப்புக்கு அறுப்பு ஒரு மூட்டை அரிசியோடு கோடம்பாக்கம் போய்வந்தான். யேசுதாஸ் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல், "வந்தியா? உள்ள வெச்சிட்டு டீ குடிச்சிட்டுப் போ" என்பார். குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் புறப்படுவான்.