பயாஸுக்கு வைத்த பொட்டு

எண்ணூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருக்கிறேன். ஆயுத பூஜையன்று அங்கே ஒவ்வொரு சுவிட்சுக்கும் சந்தனம் வைப்போம். அந்தப் பழக்கத்தில், கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப்பிலும் மேல்வரிசைப் பொத்தான்களுக்கெல்லாம் தாராளமாக வைத்துவிட்டேன். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் எனக்கு ஆகாது.

மறுவாரம் அவள் விண்டோஸோடு லினக்ஸையும் போட உட்கார்ந்தாள். அதற்கு, ஆன் செய்ததுமே எஃப்-2வை அழுத்தி, விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் பயாஸ் என்கிற செட்டிங் திரைக்குள் போகவேண்டுமாம். குத்து குத்தென்று குத்தினாள். விண்டோஸேதான் வந்தது. திங்கட்கிழமை லினக்ஸில் ப்ராஜெக்ட் காட்டவேண்டும்.

"நைனா, உள்ள மதர்போர்டே பூட்ச்சி போல கீது!" என்று அழ ஆரம்பித்தாள்.

தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் என் தோஸ்து ஜாபரிடம் ஓடினோம். அவன் வேறொரு கீபோர்டைச் செருகி எஃப்-2வைத் தட்டினான். பயாஸ் உடனே திறந்தது. பிறகு லேப்டாப்பின் எஃப்-2வை நெம்பி எடுத்தான். அடியில் காய்ந்த சந்தனம்.

"இன்னா மாமு, பொட்டு வெக்க சொன்னா கொத்தனார் வேலை பாத்து வெச்சிகீற?"

இப்போது பயாஸ் அடம்பிடித்தால் முதலில் வேறு கீபோர்டைச் செருகிப் பார்க்கிறோம். ஆயுத பூஜையன்று மகள் லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். நான் பீரோவுக்குப் பொட்டு வைக்கிறேன், சாவித் துவாரத்தில் படாமல்.